ஒரே நேரத்தில் முடித்தும் ஒருவருக்கு மட்டும் தங்கம் ஏன்? ரியோ துடுப்புப் படகு இறுதிப் போட்டி

கேள்வி: 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் துடுப்புப் படகுப் போட்டியின் முதல் இருவரும் 6 நிமிடம் 41.34 விநாடியில் முடித்ததாகப் பட்டியல் சொல்கிறது. ஆனால் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலுக்குத் தங்கம், குரோஷியாவின் டாமிர் மார்ட்டினுக்கு வெள்ளி. அதற்கு முந்தைய நாள்தான் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் ஒரே நேரத்தில் முடித்தார்கள் என்று மூவருக்கும் வெள்ளி கொடுத்தார்கள். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு நியாயமா?

பதில்:

இரண்டு நியாயம்தான். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. துடுப்புப் படகில் யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதைக் கண்ணும் கேமராவும் முடிவு செய்கின்றன. கடிகாரம் அதற்குப் பிறகு வருகிறது. நீச்சலில் கடிகாரம்தான் நடுவர். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி அச்சாவதால் குழப்பம் வருகிறது.

முதலில் அந்தக் 'கோடு' எது என்று பார்ப்போம். படகின் முன்முனை, அதாவது மூக்கு, முடிவுக் கோட்டைத் தொடும் கணத்தில் அந்தப் படகு போட்டியை முடித்ததாகக் கணக்கு. வீரரின் உடலோ துடுப்போ கணக்கில் சேராது. மூக்கின் நுனியில் ஒரு சிறிய வெள்ளை ரப்பர் பந்து கட்டாயம் இருக்க வேண்டும். அதன் விட்டம் குறைந்தது 4 சென்டிமீட்டர். அழகுக்காக வைத்ததல்ல. படகோட்டிகள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள். எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஊசி போன்ற அந்த மூக்கு யார் முதுகிலாவது பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் முடிவுக் கோட்டில் நடுவர்களின் கண் தேடுவதும் அதைத்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,000 மீட்டரை 401.34 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் படகு நகர்வது 5 சென்டிமீட்டர். ஆகவே இருவரின் நேரமும் நூறில் ஒரு பங்கு வரை ஒன்று என்றால், அவர்களுக்கு இடையே இருந்த இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் எங்கோ அடங்கியது என்று மட்டுமே பொருள். இடைவெளியே இல்லை என்று பொருள் அல்ல. கிட்டத்தட்ட அந்த ரப்பர் பந்தின் அளவு. அதற்குள் யார் முன்னால் என்பதைக் கேமரா காட்டிவிட்டது.

இந்தக் கேமரா நாம் கைப்பேசியில் எடுப்பது போன்ற படம் எடுப்பதில்லை. கோட்டின் நேரே நிறுத்தப்பட்டு, அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்றாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்கிறது. அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் கிடைப்பதுதான் 'போட்டோ பினிஷ்' படம். அதில் இடமிருந்து வலமாக நீங்கள் பார்ப்பது தூரம் அல்ல, நேரம். துடுப்புகள் அதில் வளைந்து நெளிந்து தெரிவதற்கும் இதுதான் காரணம். எல்லாப் படகுகளையும் ஒரே கண், ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறது. கடிகாரத்தில் சிறு பிழை இருந்தாலும் அது இருவருக்கும் ஒரே பிழைதான். வரிசை மாறாது.

நீச்சலில் அப்படி ஒரே கோடு கிடையாது. ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் தனித்தனித் தொடுபலகை. அது எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது என்பதே முடிவு. அப்படியானால் எட்டுத் தடங்களின் நீளமும் மிகச்சரியாக ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? 50 மீட்டர்க் குளத்துக்குச் சர்வதேச விதி 3 சென்டிமீட்டர் வரை கூடுதலை அனுமதிக்கிறது. கட்டடம் கட்டுவோரைக் கேட்டால் அதுவே கடினமான நிபந்தனை என்பார்கள். 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்துபவர் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகிறார். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அவர் கடப்பது 2 மில்லிமீட்டர். சுவரே 3 சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற நிலையில் 2 மில்லிமீட்டரை வைத்து ஒருவருக்கு வெள்ளியும் இன்னொருவருக்கு வெண்கலமும் கொடுத்தால், அது நீந்தியவனுக்குக் கொடுத்ததா, கொத்தனாருக்குக் கொடுத்ததா?

இந்தப் பாடம் ஒரு வீரருக்கு இழைக்கப்பட்ட அநீதியில் கற்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லேயில் ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4:31.98 என்று சமமாக வந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தபோது லார்சன் 4:31.981, மெக்கீ 4:31.983. தங்கம் லார்சனுக்குப் போனது. அந்த வித்தியாசத்தைத் தூரமாக மாற்றினால் 3 மில்லிமீட்டர். அதன் பிறகே நீச்சலில் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது, அதற்குமேல் சமம் என்றால் சமம் என்று விட்டுவிடுவது என்ற விதி வந்தது. ரியோவில் பெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லே க்ளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ செ மூவரும் 51.14 விநாடியில் சமமாகி வெள்ளியைப் பகிர்ந்தது அந்த விதியால்தான். (அவர்களை முந்திச் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்த ஜோசப் ஸ்கூலிங்கை அன்றைய பெல்ப்ஸ் பரபரப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள்.) தடகளம் இந்த விஷயத்தில் துடுப்புப் படகின் பக்கம். 2024 பாரிஸில் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸும் கிஷேன் தாம்சனும் 9.79 என்று ஒரே நேரம். கோடு ஒன்று, கேமரா ஒன்று என்பதால் 9.784, 9.789 என்று பிரித்துத் தங்கத்தை லைல்ஸுக்குக் கொடுக்க முடிந்தது.

ஆனால் துடுப்புப் படகு தடகளத்தைவிடவும் ஒரு படி மேலே போகிறது. தடகளத்தில் நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உலக சாதனை, ஒலிம்பிக் சாதனை, தகுதி நேரம் எல்லாம் இருக்கின்றன. துடுப்புப் படகில் நேரம் கிட்டத்தட்ட அலங்காரம். உலக சாதனை என்ற சொல்லையே இந்த விளையாட்டின் அமைப்பு கவனமாகத் தவிர்க்கிறது. 'உலகின் சிறந்த நேரம்' என்று மட்டுமே குறித்து வைக்கிறது. காற்றும் தண்ணீரும் அப்படிப்பட்டவை. டிரைஸ்டேலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் போலந்தின் போஸ்னானில் அவர் 6:33.35இல் முடித்தார். அன்றைக்கு அது உலகின் சிறந்த நேரம். மூன்று ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் 6:57.82. இருபத்து நான்கு விநாடி மெதுவாக வந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார்! மனிதர் தளர்ந்துவிடவில்லை. காற்றும் தண்ணீரும் வேறு. 2017இல் அதே போஸ்னானில் அவருடைய நாட்டுக்காரர் ராபி மேன்சன் 6:30.74இல் வந்து அந்த நேரத்தை முறியடித்தார். மேன்சனுக்கு ஒற்றையர் படகில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை.

துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்த ரியோவின் லகோவா ஏரியும் இதற்கு நல்ல சாட்சி. மலைகளுக்கும் கடற்கரைக்கும் நடுவே, நகரத்துக்குள்ளேயே இருக்கும் அழகான ஏரி. தொலைக்காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. படகோட்டிகளுக்கு அது அத்தனை இனிமையாக இருக்கவில்லை. முதல் நாளான ஆகஸ்ட் 6 அன்று அலை எழும்பி, செர்பியாவின் இருவர் படகு போட்டியின் நடுவிலேயே கவிழ்ந்தது. மறுநாள் ஒரு போட்டியும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதியும் வானிலை விடவில்லை. முதல் நாளையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒலிம்பிக்குக்கு நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்தவனைக் கவிழ்வதும் கவிழாததுமாகப் பரீட்சை வைப்பது போட்டி ஆகாது.

அந்த ஏரியில் இந்தியாவின் ஒரே துடுப்புப் படகு வீரராக இறங்கியவர் தத்து பாபன் போக்கனால். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், குடிதண்ணீருக்கே அல்லாடும் பகுதியிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, அங்கே போன பிறகுதான் துடுப்பைத் தொட்டவர். முதல் சுற்றில் அவர் நேரம் 7:21.67. கடைசியாக ஓட்டிய போட்டியில் 6:54.96. அதே ஆள், அதே ஏரி, சில நாள் இடைவெளி, கிட்டத்தட்ட 27 விநாடி வித்தியாசம். இதில் அவர் முயற்சி எவ்வளவு, காற்று எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? இந்த விளையாட்டு நேரத்தை நம்பாததன் காரணம் அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

அவர் விஷயத்தில் நம் செய்தித்தாள் வாசகர்களுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. தன் கடைசிப் போட்டியில் முதலாவதாக வந்தார், ஆனால் இடம் 13. எப்படி? ஒற்றையர் பிரிவில் ரியோவுக்கு வந்தவர்கள் 32 பேர். ஆறு முதல் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் முதல் மூவர் நேரே காலிறுதிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று. இங்கே கவனியுங்கள்: தோற்றவர்களில் வேகமாக வந்தவர் யார் என்று நேரத்தைப் பார்த்து ரியோவில் யாரையும் மேலே ஏற்றவில்லை. தடகளத்தில் அப்படி ஏற்றுவார்கள். நீச்சலில் முதல் சுற்று முழுவதையும் நேரப்படி அடுக்கித்தான் அடுத்த சுற்றுக்கு ஆள் எடுப்பார்கள். ரியோவின் துடுப்புப் படகில் உங்கள் பக்கத்தில் ஓட்டியவர்களை நீங்கள் முந்தினீர்களா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தது. காலிறுதியில் முதல் மூவருக்குள் வராதவர்கள் முதல் 12 இடங்களுக்கான பந்தயத்திலிருந்து விலகி, 13 முதல் 24 வரையிலான இடங்களுக்காகத் தனியாக மோதுகிறார்கள். போக்கனால் காலிறுதியில் நான்காவது. பிறகு 13 முதல் 18 வரையிலான இடங்களுக்கான 'சி' இறுதிப் போட்டியை வென்றார். ஆகவே 13. 7 முதல் 12 வரையிலான இடங்களுக்கான 'பி' இறுதிப் போட்டியில் கடைசியாக வந்தவர் எவ்வளவு மெதுவாக வந்திருந்தாலும் அவர் இடம் 12தான். போக்கனால் அவரைவிட வேகமாக வந்திருந்தாலும்கூட 13 மாறாது.

இப்படி ஒரு அமைப்பில் வீரர்கள் எப்படி ஓட்டுவார்கள்? தேவைக்கு மேல் ஒரு துடுப்புகூட வலிக்க மாட்டார்கள். முதல் சுற்றில் மூன்றாவது இடம் போதும் என்றால் பெரிய வீரர்கள் கடைசி 300 மீட்டரில் வேகத்தைத் தணித்துக்கொள்வதைப் பார்க்கலாம். அதற்கு அவர்களுக்கு உதவுவது அந்த முதுகு காட்டும் உட்கார்வு. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவர்கள் எல்லோரையும் வசதியாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பின்னால் இருப்பவருக்கோ, முன்னால் போகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். திரும்பினால் படகு ஆடும். தொடக்கத்திலேயே முன்னேறிவிட வேண்டும் என்று எல்லோரும் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசைதான் எல்லாம் என்பதற்கு இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு பழைய கதை உண்டு, நடந்த கதை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஒரு கால்வாயில் நடந்தது. இரண்டிரண்டு படகுகளாகத்தான் மோத இடம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ் காலிறுதியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வாத்துக் குடும்பம் வரிசையாகக் குறுக்கே வந்தது. அவர் துடுப்பை நிறுத்தி, அவை கடந்து போகும்வரை காத்திருந்தார். பிரெஞ்சு வீரர் முந்திக்கொண்டு போனார். பியர்ஸ் அவரைப் பிடித்துத் தாண்டி அந்தச் சுற்றையும் வென்றார், பின்னர் தங்கத்தையும் வென்றார். நேரத்தை வைத்து ஆள் எடுக்கும் விளையாட்டாக இருந்திருந்தால் அந்த வாத்துகளுக்கு அத்தனை மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

சரி, ரியோ இறுதிப் போட்டிக்கு வருவோம். டிரைஸ்டேலுக்கு அப்போது வயது 37. ஐந்து முறை உலக சாம்பியன், லண்டன் தங்கம் கையில். ஆனால் அவர் ஒலிம்பிக் வாழ்க்கை எப்போதும் சுகமாக இருந்ததல்ல. 2008 பெய்ஜிங்கில் தன் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்ற அவர், வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த நிலையில் வயிற்றுக் கோளாறால் உடல் வற்றிப்போய், இறுதிப் போட்டியை மூன்றாவதாக முடித்துச் சுருண்டு விழுந்தார். மார்ட்டினுக்கு 28. வுகோவரில் பிறந்தவர். லண்டனில் குரோஷியாவின் நால்வர் படகில் வெள்ளி வென்றவர். அந்தப் படகில் உடன் இருந்த சின்கோவிச் சகோதரர்கள் ரியோவில் இருவர் படகில் தங்கம் வாங்கியிருந்தார்கள். இவர் தனியாகப் பிரிந்து வந்து, தன்னைவிட ஒன்பது வயது மூத்த சாம்பியனைத் துரத்தினார்.

கடைசிக் கட்டத்தில் டிரைஸ்டேல் முன்னால், மார்ட்டின் ஒவ்வொரு துடுப்பு இழுப்பிலும் நெருங்கிக்கொண்டிருந்தார். கோட்டைக் கடந்தபோது வெறும் கண்ணுக்கு யார் வென்றார் என்று தெரியவில்லை. மூன்றாவதாக வந்த செக் நாட்டின் ஒன்ட்ரெய் சினெக்கின் நேரம் 6:44.10. முன்னால் போன இருவருக்கும் அவருக்கும் இடையே தெளிவான தண்ணீர் இருந்தது. அந்த இருவருக்கும் இடையேதான் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. படகு ஒரே சீராக ஓடுவதில்லை. ஒற்றையர் படகின் எடை 14 கிலோ. டிரைஸ்டேல் போன்றவரின் எடை 100 கிலோவைத் தொடும். அவர் உட்காரும் இருக்கை சக்கரங்களில் முன்னும் பின்னும் நகரும். துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த இழுப்புக்காக அவர் படகின் பின்பக்கமாகச் சறுக்கும்போது, அந்த 100 கிலோ ஒரு பக்கம் போக, இலேசான படகு அவருக்கு அடியில் எதிர்ப்பக்கம் முன்னோக்கிப் பாய்கிறது. படகு மிக வேகமாகப் போவது துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போது அல்ல, பெரும்பாலும் வெளியே இருக்கும்போதுதான். துடுப்பு மறுபடி தண்ணீரைக் கவ்வும் கணத்தில் வேகம் சட்டென்று விழுகிறது. ஆகவே இரண்டு படகுகள் சமமாக வரும்போது, இதன் மூக்கு முன்னே, அடுத்த கணம் அதன் மூக்கு முன்னே என்று மாறிக்கொண்டே இருக்கும். கோடு குறுக்கே வரும் கணத்தில் யாருடைய படகு பாய்ச்சலில் இருக்கிறதோ அவருக்கு யோகம். ஐந்து சென்டிமீட்டருக்குள் முடியும் போட்டியில், கோடு இன்னும் ஒரு மீட்டர் தள்ளி இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் முன்பே தெரியும், கேமரா அதைச் சரியாகத்தான் பார்த்தது.

2004 ஏதென்ஸில் நால்வர் படகில் பிரிட்டனும் கனடாவும் இதே போல் மோதின. பிரிட்டன் வீரர் மேத்யூ பின்சென்ட்டின் நான்காவது தங்கம் அதில்தான் வந்தது. 6:06.98, 6:07.06. நூறில் எட்டுப் பங்கு. தூரத்தில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதையே வரலாற்றின் மிக நெருக்கமான முடிவுகளில் ஒன்று என்று கொண்டாடினார்கள். ரியோ அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நெருக்கம் அபூர்வம்தான். 2024 பாரிஸில் ஜெர்மனியின் ஆலிவர் சைட்லர் ஒற்றையர் தங்கத்தை ஐந்து விநாடிக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். கேமராவுக்கு அன்று வேலையே இல்லை.

மார்ட்டினுக்கு அநியாயம் நடந்ததா என்றால், நடக்கவில்லை என்றே சொல்வேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அது வேறு. ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே ஒற்றையர் பிரிவில் அவர் வெண்கலம் வென்றார். தங்கம் கிரேக்கத்தின் ஸ்டெஃபானோஸ் டூஸ்கோஸுக்குப் போனது. டிரைஸ்டேல் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். பின்னாளில், 2024இல், டௌரங்கா நகரத்தின் மேயராகத் தேர்வானார்.

என் குறை ஒன்றே ஒன்று. அந்த முடிவுப் பட்டியலில் இருவருக்கும் 6:41.34 என்று அச்சிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் 1, 2 என்று போடுகிறார்கள். 'புகைப்படத் தீர்ப்பு' என்று ஒரு குறிப்பு சேர்த்தால் உங்களைப் போல ஆயிரம் பேர் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

கேமராவாலும் பிரிக்க முடியாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கேட்கத் தோன்றும். அதற்கும் விதி உண்டு. இறுதிப் போட்டியில் இரு படகுகளைப் பிரிக்கவே முடியாவிட்டால் இருவருக்கும் ஒரே இடம், அடுத்த இடம் காலி. அப்படி நடந்திருந்தால் டிரைஸ்டேல், மார்ட்டின் இருவருக்கும் தங்கம், வெள்ளி யாருக்கும் இல்லை, சினெக்குக்கு அதே வெண்கலம்.